தந்தவரை மறவா மரபணு

நுழையும்முன்

பெற்றோர் இருவரிடமிருந்தும் பிள்ளைக்குச் சரிபாதி மரபணுக்கள் வருகின்றன என்பது மரபியலின் தொடக்கப் பாடம். அவ்வாறு வந்தவை அனைத்தும் சரிபாதியாகப் பணி செய்கின்றனவா என்பது அதனை அடுத்து எழும் வினா. இவ்வினாவுக்கு விடை தேடியோர், தோட்டத்துச் செடியில் ஒட்டிக் கிடக்கும் மாவுப்பூச்சி முதல் மனிதக் குழந்தை வரை ஒரு வியப்பான உண்மையைக் கண்டனர். சில மரபணுக்கள், தம்மைத் தந்தவர் தாயா தந்தையா என்னும் அடையாளத்தைச் சுமந்தே வருகின்றன. அவ்வடையாளத்தின் இயல்பையும், அது பிறழும்போது நேரும் துன்பத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

சாயல் பற்றிய பேச்சு

வள்ளியூரில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், காண வரும் உறவினரிடையே சாயல் பற்றிய பேச்சு எழாமல் இராது. “மூக்கு அப்படியே அப்பாவைப் பெற்ற ஆச்சியின் மூக்கு” என்பார் ஒருவர். “இல்லை, நெற்றி முழுவதும் தாய்மாமனுடையது” என்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கக்கூடும். குழந்தையின் ஒவ்வோர் உயிரணுவிலும் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது.

இவ்விரண்டில் எது எவர் தந்தது என்பது பொருட்டன்று என்றே மரபியல் அறிஞர்கள் நெடுங்காலம் கருதினர். அக்கருத்துக்கு அடிப்படை அமைத்தவர் கிரிகோர் மெண்டல். அவர் 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டாணிச் செடி ஆய்வில், நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் இருவகையாகக் கலந்தார். நெட்டைச் செடியின் மகரந்தத்தைக் குட்டைச் செடியின் சூலகமுடிக்குத் தந்தார். பின்னர் அதனை மாற்றியும் செய்தார். இருவகையிலும் பிறந்த செடிகள் நெட்டையாகவே இருந்தன. ஆகவே, தந்தவர் எவர் என்பதன்று, தரப்பட்டது எது என்பதே முதன்மையானது என்னும் முடிவு நிலைபெற்றது.

ஆயினும் இம்முடிவோடு பொருந்தாத ஒரு செய்தியை விலங்கு வளர்ப்போர் அறிந்திருந்தனர். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. ஆண் குதிரைக்கும் பெண் கழுதைக்கும் பிறப்பது ஹின்னி. இரண்டிலும் பாதி குதிரை, பாதி கழுதை என்பதே மரபணுக் கணக்கு. எனினும் உருவத்திலும் வலிமையிலும் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தாயின் கருப்பை அளவு வேறுபடுவதும் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆதலால் இஃது ஓர் ஐயத்தை எழுப்பியதேயன்றி, எதனையும் மெய்ப்பிக்கவில்லை. மெய்ப்பிக்கும் சான்று மிகச் சிறிய ஓர் உயிரியிடமிருந்து கிடைத்தது.

செம்பருத்தியில் ஒரு சான்று

செம்பருத்தி, கொய்யா, பப்பாளி, சீத்தா ஆகியவற்றின் தளிர்களிலும் இலையடியிலும் வெண்மாவு தூவியதுபோல் ஒட்டிக் கிடக்கும் மாவுப்பூச்சியைத் தமிழகத்துத் தோட்டக்காரர் அனைவரும் அறிவர். 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களில் பரவிப் பேரழிவு செய்தது. அதனை உண்டு வாழும் சிறு ஒட்டுண்ணிக் குளவி 2010ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு வயல்களில் விடப்பட்ட பிறகே அப்பூச்சி அடங்கியது. உழவரின் பகையாகிய இப்பூச்சியினம் மரபியலுக்கு ஆசானாகவும் விளங்கியது.

செடியில் வெண்மெழுகு போர்த்துக் கிடப்பவை பெரும்பாலும் பெண் பூச்சிகளே. அவற்றுக்குச் சிறகில்லை. ஆண் பூச்சியோ கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு கொசுவைப் போன்றது. அதற்குச் சிறகு உண்டு. வளர்ந்த நிலையில் உணவு உண்ணும் வாயுறுப்பு இல்லை. சில நாள் மட்டுமே வாழ்ந்து, இணைசேர்ந்து மடிகிறது. ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் இவ்வளவு வேறுபட்டிருப்பினும், இரண்டின் உயிரணுக்களிலும் உள்ள குரோமோசோம்களின் எண்ணிக்கை ஒன்றே. எலுமிச்சை இனங்களைத் தாக்கும் பிளானோகாக்கஸ் சிட்ரி என்னும் மாவுப்பூச்சியில் அவ்வெண்ணிக்கை 10. ஐந்து தாய்வழி வந்தவை. ஐந்து தந்தைவழி வந்தவை. ஆணைத் தீர்மானிக்கும் தனிக் குரோமோசோம் எதுவும் அதற்கு இல்லை.

நுண்ணோக்கியில் கண்டபோது ஒரு வேறுபாடு புலப்பட்டது. பெண் பூச்சியில் பத்துக் குரோமோசோம்களும் ஒரே தன்மையாக விரிந்திருந்தன. ஆண் பூச்சியிலோ ஐந்து மட்டும் விரிந்திருக்க, எஞ்சிய ஐந்தும் இறுகிச் சுருண்டு ஓர் ஓரத்தில் திரண்டு கிடந்தன. இறுகிக் கிடக்கும் குரோமோசோமிலுள்ள மரபணுக்கள் பணி செய்வதில்லை. ஒரு நூல் முடிச்சிட்டுக் கட்டி வைக்கப்பட்டால் அதனைப் படிக்க இயலாதது போன்றதே இந்நிலை. அவ்வாறாயின், கட்டி வைக்கப்பட்டவை எவர் தந்த குரோமோசோம்கள்?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்பென்சர் பிரௌனும் வால்டர் நெல்சன்-ரீஸும் 1961ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டனர். கதிர்வீச்சு குரோமோசோம்களைச் சிதைக்கும் ஆற்றல் உடையது. அவர்கள் ஆண் பூச்சிகளுக்குக் கதிர்வீச்சுச் செலுத்தி, பின்னர் நலமான பெண் பூச்சிகளுடன் சேர்த்தனர். பிறந்தவற்றுள் மகள்கள் மடிந்தன. மகன்கள் பெரும்பாலும் பிழைத்தன. பெண் பூச்சிகளுக்குக் கதிர்வீச்சுச் செலுத்தியபோது மகன், மகள் ஆகிய இரண்டுமே பாதிக்கப்பட்டன.

இம்முடிவின் பொருள் தெளிவானது. தந்தையின் சிதைந்த குரோமோசோம்களைப் பெற்றும் மகன் பிழைக்கிறது எனில், அக்குரோமோசோம்கள் மகனின் உடலில் பணி செய்யவில்லை. படிக்கப்படாத நூலின் பக்கங்கள் கிழிந்திருப்பதால் தீங்கு நேராது. மகளின் உடலில் அதே குரோமோசோம்கள் பணி செய்கின்றன. எனவே அவை சிதைந்திருந்தால் மகள் மடிகிறது. ஆண் மாவுப்பூச்சியில் இறுகிக் கிடக்கும் ஐந்தும் தந்தைவழி வந்தவையே என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

இங்கு மற்றொரு வியப்பும் உண்டு. ஆண் மாவுப்பூச்சி விந்தணுக்களை உருவாக்கும்போது, இறுகிய தந்தைவழித் தொகுதியை விலக்கிவிட்டுத் தன் தாய் தந்த தொகுதியையே அடுத்த தலைமுறைக்கு அளிக்கிறது. அதன் உடலில் “தாய் தந்தது” என விரிந்து பணிசெய்த அதே தொகுதி, அதன் மகனின் உடலில் “தந்தை தந்தது” என இறுகி ஓய்கிறது. ஆகவே, அடையாளம் குரோமோசோமில் என்றென்றும் பொறிக்கப்பட்டதன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் தருபவர் எவரோ அவரால் புதிதாக இடப்படுவது.

முத்திரை என்னும் சொல்

இவ்வடையாளத்தைக் குறிக்க ‘முத்திரை’ எனப் பொருள்படும் ‘இம்ப்ரின்ட்’ என்னும் சொல்லை 1960ஆம் ஆண்டில் முதலில் கையாண்டவர் ஹெலன் குரூஸ் என்னும் பெண் அறிஞர். சியாரா என்னும் ஈயின் குரோமோசோம்களை ஆராய்ந்தபோது, தந்தைவழி வந்த குரோமோசோம் மட்டும் தனித்து நடத்தப்படுவதை அவர் கண்டார். ஒரு குரோமோசோம் எவ்வகைப் பெற்றோர் வழியே வந்தது என்பது அதன்மேல் முத்திரையாகப் பதிகிறது என அவர் விளக்கினார். தமிழில் இந்நிகழ்வை மரபணு முத்திரையிடல் எனலாம்.

இத்துறையின் வளர்ச்சியில் இந்திய அறிஞர் ஒருவருக்குச் சிறப்பிடம் உண்டு. எச். சரத் சந்திரா, மாவுப்பூச்சியின் குரோமோசோம்களைப் பற்றி 1960களின் தொடக்கத்திலேயே ஆய்வுரைகள் வெளியிட்டவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய அவர், ஸ்பென்சர் பிரௌனுடன் இணைந்து 1975ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பாலூட்டிகளின் பெண்ணுயிரிகளில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று மட்டும் அடங்கிக் கிடப்பதையும், மாவுப்பூச்சியின் தந்தைவழித் தொகுதி அடங்குவதையும் முத்திரை என்னும் ஒரே கருத்தால் நோக்கலாம் என அக்கட்டுரை எடுத்துரைத்தது. பாலூட்டிகளில் முத்திரையிடல் உண்டு என ஆய்வுலகம் ஏற்பதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன் எழுந்த சிந்தனை இது. கொய்யாவையும் காப்பியையும் தாக்கும் பிளானோகாக்கஸ் லிலாசினஸ் என்னும் மாவுப்பூச்சியைக் கொண்டு அவரும் அவருடன் பணிபுரிந்தோரும் தொடர்ந்து ஆராய்ந்தனர். மனித மரபணு நோய்களை ஆராயும் மனித மரபியல் மையம் பெங்களூரில் அமையவும் அவரே முன்னின்றார்.

தெரிந்து தெளிவோம்

தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என வந்த இரண்டு படிகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தும், தந்தவரைப் பொறுத்து ஒன்று பணி செய்ய மற்றொன்று ஓய்ந்திருப்பதே முத்திரையிடல். மைட்டோகாண்டிரியாவின் மரபணுக்கள் தாய்வழியே மட்டும் வருவது வேறு நிகழ்வு. அங்குத் தந்தையின் படி வருவதே இல்லை. முத்திரையிடலில் இரண்டும் வருகின்றன. ஒன்று பேசுகிறது, ஒன்று பேசாதிருக்கிறது.

எலிக்கரு உணர்த்திய உண்மை

பூச்சியில் கண்டது பாலூட்டியிலும் உண்டா என்னும் வினாவுக்கு 1984ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜேம்ஸ் மெக்கிராத், டேவர் சோல்டர் ஆகியோரும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியும் அவர்தம் குழுவினரும் தனித்தனியே ஒத்த ஆய்வைச் செய்தனர். சுரானி கென்யாவில் பிறந்தவர்.

கருமுட்டையினுள் விந்தணு நுழைந்த சில மணி நேரம் வரை, தாயின் உட்கருவும் தந்தையின் உட்கருவும் ஒன்று கலவாமல் தனித்தனியே நிற்கும். அந்நேரத்தில் நுண்ணிய கண்ணாடிக் குழாயால் ஒன்றை அகற்றி வேறொன்றை வைக்க இயலும். அவ்வாறு மூவகைக் கருக்கள் உருவாக்கப்பட்டன. முதல் வகையில் இரண்டு உட்கருக்களும் தாய்வழியின. இரண்டாம் வகையில் இரண்டும் தந்தைவழியின. மூன்றாம் வகையில் ஒன்று தாய்வழி, ஒன்று தந்தைவழி. மூவகைக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கையில் குறைவில்லை. ஆயினும் மூன்றாம் வகை மட்டுமே எலிக்குட்டியாகப் பிறந்தது.

தோல்வியுற்ற இருவகைக் கருக்களும் ஒரே விதமாகத் தோல்வியுறவில்லை. தாய்வழி உட்கருக்களை மட்டும் பெற்றவற்றில் கரு ஓரளவு உருவாயிற்று. ஆனால் கருவுக்கு உணவூட்டும் தாய்சேய் இணைப்புத்திசு வளரவில்லை. தந்தைவழி உட்கருக்களை மட்டும் பெற்றவற்றில் இணைப்புத்திசுவுக்குரிய பகுதி செழித்தது. கருவோ வளர்ச்சி குன்றியது. உயிர் முழுமை பெற இரண்டு படிகள் போதா. தாய் தந்த ஒரு படியும் தந்தை தந்த ஒரு படியும் வேண்டும் என்பது புலனாயிற்று.

அடுத்து, எந்தெந்த மரபணுக்கள் இவ்வாறு முத்திரை பெறுகின்றன என்னும் தேடல் தொடங்கியது. 1991ஆம் ஆண்டில் முதல் சில மரபணுக்கள் எலியில் இனங்காணப்பட்டன. அவற்றுள் ஒன்று கருவின் வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணு. இம்மரபணுவின் பழுதுபட்ட படியைத் தந்தையிடமிருந்து பெற்ற எலிக்குட்டிகள் இயல்பான குட்டிகளின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடே இருந்தன. அதே பழுதைத் தாயிடமிருந்து பெற்ற குட்டிகள் இயல்பாக வளர்ந்தன. தாய் தந்த படி பெரும்பாலான திசுக்களில் எப்படியும் ஓய்ந்தே இருப்பதால், அது பழுதுபட்டிருப்பினும் வளர்ச்சிக்கு இழப்பில்லை. மாவுப்பூச்சியில் கதிர்வீச்சு உணர்த்திய அதே தருக்கம் இங்கும் பொருந்தியது. மாவுப்பூச்சியில் ஒரு தொகுதி முழுவதும் அடங்குகிறது. பாலூட்டியிலோ ஆயிரக்கணக்கான மரபணுக்களுள் ஏறத்தாழ நூறு முதல் இருநூறு வரையிலான மரபணுக்களே முத்திரை பெறுகின்றன.

முத்திரை எதனால் ஆனது?

டி.என்.ஏ. என்பது நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட நெடிய வாசகம். முத்திரையிடலில் அவ்வெழுத்துகளுள் ஒன்றும் மாறுவதில்லை. சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் தொகுதி ஒட்டப்படுகிறது. புள்ளி பெற்றால் உயிர்மெய்யெழுத்து மெய்யாக ஒலிப்பதுபோல, மெத்தில் தொகுதி பெற்ற பகுதி வேறு வகையில் படிக்கப்படுகிறது. பல இடங்களில் இவ்வடையாளம் அருகிலுள்ள மரபணுவை அடக்குகிறது. சில இடங்களில், அண்டை மரபணு பணி செய்ய வழிவிடுவதும் உண்டு. மெத்தில் தொகுதியை ஒட்டும் நொதி குறைவுற்ற எலிக்கருக்களில் முத்திரை கலைந்துபோவதை 1993ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஏறும் வேதி அடையாளங்களும் இப்பணியில் பங்கு கொள்கின்றன.

முத்திரை இடப்படும் இடம் கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும் இடமே. இடப்பட்ட முத்திரை குழந்தையின் உடல் முழுவதும் வாழ்நாள் வரை காக்கப்படுகிறது. ஆனால், அக்குழந்தையின் உடலில் அடுத்த தலைமுறைக்கெனத் தனித்து வைக்கப்படும் இனச்செல்களில் மட்டும் பழைய முத்திரை அழிக்கப்படுகிறது. குழந்தை ஆணாயின் தந்தைவழி முத்திரையும் பெண்ணாயின் தாய்வழி முத்திரையும் புதிதாக இடப்படுகின்றன.

முன்னர்க் கூறிய உறவினர் பேச்சையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆச்சியிடமிருந்து ஒரு மரபணு அவர் மகனுக்கு வருகிறது. அவன் உடலில் அது தாய்வழி முத்திரையோடு இருக்கும். அவனுக்கு ஒரு மகள் பிறந்து, அதே மரபணு அவளைச் சேர்ந்தால், அவள் உடலில் அது தந்தைவழி முத்திரையோடு இருக்கும். அவள் பின்னாளில் தாயாகி அதனைத் தன் பிள்ளைக்குத் தந்தால், மீண்டும் தாய்வழி முத்திரை ஏறும். மரபணு ஒன்றே, அது கடந்துவரும் கைகளுக்கேற்ப முத்திரை மாறுகிறது. ஒரு பண்பு ஒரு தலைமுறையில் மறைந்து மறுதலைமுறையில் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நெல்மணியும் கருப்பையும்

விலங்குகளுக்கு மட்டும் உரியதன்று இந்நிகழ்வு. தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் நெல்லின் ஒவ்வொரு மணியிலும் இதன் சுவடு உண்டு. பூக்கும் தாவரங்களில் இரட்டைக் கருவுறுதல் நிகழ்கிறது. ஓர் ஆண்கேமீட் முட்டையுடன் சேர்ந்து கருவாகிறது; மற்றொன்று இரண்டு துருவ உட்கருக்களுடன் சேர்ந்து கருவூண்திசுவாகிறது. சோறாக உண்ணப்படும் வெள்ளரிசி பெரும்பாலும் இக்கருவூண்திசுவே. அதில் தாய்வழிப் பங்கு இரண்டு. தந்தைவழிப் பங்கு ஒன்று.

மக்காச்சோள மணியின் நிறத்தை ஆராய்ந்த ஜெர்ரி கெர்மிக்கிள் 1970ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். நிறம் தரும் ஒரு மரபணு தாய்வழியே வந்தால் மணி முழுவதும் நிறம் பெறுகிறது. தந்தைவழியே வந்தால் திட்டுத்திட்டாகவே நிறம் பெறுகிறது. படிகளின் எண்ணிக்கையைச் சமமாக்கியும் இவ்வேறுபாடு நீங்கவில்லை. தனியொரு மரபணுவின் அளவில் முத்திரையிடல் முதன்முதலில் காட்டப்பட்டது இத்தாவரத்தில்தான். நெல்லின் கருவூண்திசுவிலும் முத்திரை பெற்ற மரபணுக்கள் பல பின்னர்க் கண்டறியப்பட்டன.

விலங்கில் கருவை ஊட்டும் இணைப்புத்திசு, தாவரத்தில் கருவை ஊட்டும் கருவூண்திசு என, உணவூட்டும் இடங்களிலேயே முத்திரையிடல் மிகுந்து காணப்படுவது ஏன்? டேவிட் ஹெய்க் என்னும் அறிஞர் முன்வைத்த கருதுகோள் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒரு பெண் விலங்கு தன் வாழ்நாளில் ஈனும் குட்டிகள் அனைத்தும் அதற்குச் சமமானவை; ஆகவே தன் ஊட்டத்தை அனைத்துக்கும் பகிர்ந்தளிப்பதே அதற்கு நன்று. அக்குட்டிகள் அனைத்துக்கும் தந்தை ஒன்றாக இருப்பது உறுதியன்று. ஆகவே தந்தைவழி மரபணுவுக்கு, இப்போது கருவிலிருக்கும் குட்டி மிகுதியாகப் பெறுவதே நன்று. இதனால் வளர்ச்சியைத் தூண்டும் மரபணுக்களுள் சில தந்தைவழியிலும், அதனை மட்டுப்படுத்தும் மரபணுக்களுள் சில தாய்வழியிலும் பணி செய்யும் நிலை இயற்கைத் தேர்வால் அமைந்தது என்பது ஹெய்க்கின் கருத்து. மரபணுக்களுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்த தேர்வின் விளைவே இது. தூண்டுதலும் தடுத்தலும் ஒன்றையொன்று சமன் செய்யும்போது கரு நலமுடன் வளர்கிறது.

ஒரே இடம், இரு வேறு துன்பங்கள்

இச்சமநிலை குலையும்போது நேர்வதை மனிதரின் 15ஆம் குரோமோசோம் காட்டுகிறது. 1956ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர்களான பிராடர், லப்ஹார்ட், வில்லி ஆகிய மூவரும் ஒரு குறைபாட்டை விவரித்தனர். பிறந்தபோது குழந்தையின் உடல் தளர்ந்திருக்கும். பாலைச் சப்பிக் குடிக்கவும் வலு இராது. சில ஆண்டுகள் கழிந்ததும் நிலை தலைகீழாகும். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி தோன்றும்; உடல் பருக்கும்; உயரமும் கற்றல் திறனும் குறையும். இது பிராடர்-வில்லி நோய்க்குறித்தொகுப்பு எனப்படுகிறது.

1965ஆம் ஆண்டில் ஹாரி ஏஞ்சல்மன் என்னும் ஆங்கிலக் குழந்தைநல மருத்துவர் முற்றிலும் வேறான ஒன்றை விவரித்தார். இக்குழந்தைகளுக்குப் பேச்சு வருவதில்லை, அல்லது மிகச் சில சொற்களே வருகின்றன. நடை தள்ளாடும், வலிப்பு வரும், அடிக்கடி சிரித்த முகத்தோடு காணப்படுவர். இது ஏஞ்சல்மன் நோய்க்குறித்தொகுப்பு. இவ்விரண்டும் தனித்தனியே ஏறத்தாழ 15,000 குழந்தைகளுள் ஒன்றுக்கு என்னும் அளவில் நேர்பவை.

பிராடர்-வில்லி குழந்தைகள் பலரின் 15ஆம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருப்பது 1981ஆம் ஆண்டில் தெரிந்தது. 1987ஆம் ஆண்டில் ஏஞ்சல்மன் குழந்தைகளிடமும் அதே இடத்தில் இழப்பு இருப்பது தெரிந்தபோது ஆய்வாளர்கள் திகைத்தனர். ஒரே இடத்து இழப்பு எவ்வாறு இரு வேறு நோய்களைத் தர இயலும்? விடை முத்திரையில் இருந்தது. தந்தைவழிக் குரோமோசோமில் அப்பகுதி விடுபட்டால் பிராடர்-வில்லி. தாய்வழிக் குரோமோசோமில் விடுபட்டால் ஏஞ்சல்மன். அப்பகுதியில் சில மரபணுக்கள் தந்தைவழிப் படியிலிருந்து மட்டுமே பணி செய்கின்றன. யு.பி.இ.3ஏ என்னும் மரபணு, நரம்பு உயிரணுக்களில் தாய்வழிப் படியிலிருந்து மட்டுமே பணி செய்கிறது. ஒரு படி இழந்தால் மற்றொன்று ஈடு செய்யும் என்னும் பொதுவிதி இங்குச் செல்லாது. ஏனெனில் மற்றொன்று முத்திரையால் ஓய்ந்திருக்கிறது.

எதுவும் விடுபடாமலும் இந்நோய் நேர்வதுண்டு. பிராடர்-வில்லி குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு 15ஆம் குரோமோசோமின் இரண்டு படிகளும் முழுமையாகவே உள்ளன. ஆனால் இரண்டும் தாயிடமிருந்து வந்தவை. தாயின் மரபணு இரு மடங்காக இருந்தும் தந்தையின் குறைவை நிரப்ப இயலவில்லை. கேம்பிரிட்ஜின் எலிக்கருக்கள் உணர்த்திய பாடமே மனிதக் குழந்தையிலும் மெய்யாயிற்று.

பழி எவர்மேலும் இல்லை

வளர்ச்சி குன்றிய குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழும் வினா, “இது எவர் வழி வந்தது?” என்பது. அவ்வினா விரைவில் பழியாக மாறுகிறது. அப்பழியும் பெரும்பாலும் தாயின்மேலேயே விழுகிறது. அவள் உண்டது, உண்ணாதது, கருவுற்றிருந்தபோது சென்ற இடம் என யாவும் குற்றமாக எண்ணப்படுகின்றன. அடங்காத பசியுடைய பிள்ளையைக் கண்டு, வளர்ப்புச் சரியில்லை என்று பேசுவோரும் உண்டு.

‘தாய்வழி’, ‘தந்தைவழி’ என்னும் சொற்களை அறிவியல் ஆளும் முறை வேறு. ஏஞ்சல்மன் குழந்தையிடம் விடுபட்டிருப்பது தாய்வழிக் குரோமோசோமின் ஒரு பகுதி என்பதால், தாயிடம் அக்குறை இருந்தது என்பது பொருளன்று. பெரும்பாலானோரிடம் அவ்விழப்பு, கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்ந்தது. பெற்றோரின் உடலில் அக்குறை இராது; அடுத்த பிள்ளைக்கு அது நேரும் வாய்ப்பும் மிகக் குறைவு. அத்தை மகன், மாமன் மகள் என நெருங்கிய உறவில் மணம் புரிவதால் ஒடுங்கு மரபணு நோய்கள் மிகுகின்றன என்பது உண்மை. ஆனால் இவ்விழப்பு அவ்வகையைச் சார்ந்ததன்று. சிலரிடம் மட்டும் முத்திரையை ஆளும் பகுதியிலோ யு.பி.இ.3ஏ மரபணுவிலோ உள்ள மாற்றம் குடும்பவழி வரக்கூடும். எக்குழந்தையிடம் எது நேர்ந்தது என்பதைக் கண்டறியவே மரபியல் ஆலோசனை தேவைப்படுகிறது.

குழந்தையின் சிறிதளவு குருதியிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்து, 15ஆம் குரோமோசோமின் அப்பகுதியில் மெத்தில் அடையாளம் எவ்வாறு அமைந்துள்ளது எனச் சோதித்தால், பிராடர்-வில்லி நோயை ஏறத்தாழ ஐயமின்றியும் ஏஞ்சல்மன் நோயைப் பெரும்பாலும் அறியலாம். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. எனினும் முன்னரே அறிவது பெரும் உதவி. பிராடர்-வில்லி குழந்தைக்கு உணவுக் கட்டுப்பாடும் வளர்ச்சி ஹார்மோனும் பயன் தருகின்றன. ஏஞ்சல்மன் குழந்தைக்கு வலிப்பு மருந்தும், இயன்முறைப் பயிற்சியும், சைகையாலும் படங்களாலும் கருத்தை உணர்த்தும் பயிற்சியும் வாழ்வை எளிதாக்குகின்றன. பசி குழந்தையின் பேராசையன்று, மௌனம் அதன் பிடிவாதமன்று என்னும் தெளிவே வீட்டாருக்குக் கிடைக்கும் முதல் ஆறுதல்.

செம்பருத்திச் செடியின் மாவுப்பூச்சி, மக்காச்சோள மணி, எலிக்கரு, மனிதக் குழந்தை ஆகிய யாவும் உணர்த்தும் உண்மை ஒன்றே. மரபு என்பது எழுதப்பட்ட எழுத்து மட்டுமன்று. அதனை அளித்தவர் இட்ட முத்திரையும் ஆகும். அம்முத்திரையில் நேரும் பிழை, தாய் தந்தையர் அறிந்து செய்ததன்று. “எவர் வழி வந்தது?” என்னும் வினா ஆய்வுக்கூடத்தில் நோயை அறியும் கருவி. வீட்டில் அது பழிசுமத்தும் கருவியாகாமல் காப்பது, இவ்வறிவியலைக் கற்றோரின் கடமை.

கற்பவை கற்றபின்…

1. வீட்டுத் தோட்டத்திலோ பள்ளி வளாகத்திலோ செம்பருத்தி, கொய்யா முதலிய செடிகளில் காணப்படும் மாவுப்பூச்சியைக் கைவில்லை கொண்டு உற்றுநோக்கி, பெண் பூச்சியின் உடலமைப்பைப் படமாக வரைக.

2. ஆச்சியிடம் இருந்த ஒரு மரபணு மகன், பேத்தி, பேத்தியின் மகன் என நான்கு தலைமுறை கடந்து வருவதாகக் கொண்டு, மகன் முதலாக ஒவ்வொருவர் உடலிலும் அது பெற்றிருக்கும் முத்திரையை வரைபடமாக்குக.

3. வளர்ச்சி குன்றிய குழந்தையின் தாயை உறவினர் பழிப்பதாகவும், மாணவர் ஒருவர் அறிவியல் உண்மையைப் பணிவுடன் எடுத்துரைப்பதாகவும் ஓர் உரையாடல் எழுதுக.